பழைய காரில் கம்பியில்லா இசையும் கைபேசி மின்னேற்றமும்

பழைய காரில் கம்பியில்லா இசையும் கைபேசி மின்னேற்றமும் என்ற தலைப்பு, புளூடூத், யூஎஸ்பி ஆகிய வசதிகள் தொழிற்சாலையிலேயே அமைக்கப்படாத மகிழுந்துகளில் அவற்றைப் பின்னாளில் சேர்க்கும் முறைகளைப் பற்றியது. சில நூறு ரூபாய் விலையுள்ள சிறு கருவி முதல் புதிய ஸ்டீரியோ செட் வரை இதற்குப் பல வழிகள் உள்ளன. இவை எடுத்துக்கொள்ளும் மின்சாரம் மிகக் குறைவு. காரின் முகப்பு விளக்குகள் எடுப்பதில் ஒரு சிறு பங்குதான். ஆயினும் புதிய கம்பியை எங்கே இணைக்கிறோம், அதற்கு உருகி இருக்கிறதா என்பதைப் பொறுத்து, இந்தச் சிறு வேலை பயனுள்ள வசதியாகவும் அமையலாம், காரில் தீப்பிடிக்கக் காரணமாகவும் அமையலாம். எனவே இக்கட்டுரை கருவிகளை மட்டுமன்றி அவற்றுக்குப் பின்னால் உள்ள மின்சுற்றையும் விளக்குகிறது.

பின்னணி

இந்தியச் சாலைகளில் நீண்ட காலம் ஓடிய கார்களில் பல, கைபேசி என்ற பொருள் பரவலாவதற்கு முன் வடிவமைக்கப்பட்டவை. மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் 2014 வரை உற்பத்தியான அம்பாசிடர், பம்பாயில் உருவான பிரீமியர் பத்மினி, 1983 திசம்பரில் அறிமுகமாகி 2014 வரை தயாரிக்கப்பட்ட மாருதி 800, சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டை ஆலையிலிருந்து 1998இல் வெளிவந்த முதல் சாண்ட்ரோ ஆகியவை நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டுகள். இவற்றில் ஒரு பகுதி இன்றும் ஊர்களில் பயன்பாட்டில் உள்ளது.

காரில் பாட்டுக் கேட்பது வானொலியில்தான் தொடங்கியது. அக்காலப் பெட்டிகளில் பல மத்திய அலையை மட்டுமே பிடித்தன. மத்திய அலை, நிலத்தின் மீது செல்வதைக் காட்டிலும் உப்பு நீரின் மீது குறைந்த இழப்புடன் செல்லும்; கடல்நீர் மின்சாரத்தை நன்கு கடத்துவதே காரணம். தூத்துக்குடி, திருச்செந்தூர், உடன்குடி வட்டாரக் கரையோரங்களில் இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பு உள்ளூர் நிலையம் போலத் தெளிவாகக் கேட்டதற்கு இந்த அறிவியல் உண்மையும் ஒரு காரணம். பண்பலை ஒலிபரப்பு இந்தியாவில் முதன்முதலாக 1977 சூலை 23 அன்று சென்னையில் தொடங்கியது. 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் வெளியிட்ட ஒலிநாடாவும் 1982இல் விற்பனைக்கு வந்த குறுந்தகடும் பின்னர் கார்களுக்குள் நுழைந்தன. இன்று பாடல்கள் கைபேசியில் உள்ளன. ஆகவே பழைய காரில் செய்ய வேண்டிய வேலை இரண்டு: கைபேசியின் ஒலியைக் காரின் ஒலிபெருக்கிக்குக் கொண்டு செல்வது, கைபேசிக்கு மின்சாரம் தருவது.

காரின் மின்சுற்று

காரில் உள்ள ஈய அமில பேட்டரியில் ஆறு கலங்கள் தொடராக இணைந்துள்ளன. முழு மின்னேற்றத்தில் ஒவ்வொரு கலமும் சுமார் 2.1 வோல்ட் தரும். ஆறும் சேர்ந்தால் 12.6 வோல்ட். எஞ்சின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் பேட்டரிக்கு மின்னேற்றம் செய்வதால் மின்னழுத்தம் ஏறக்குறைய 13.8 முதல் 14.4 வோல்ட் வரை உயரும். சாவியைத் திருப்பி ஸ்டார்ட் செய்யும் நொடியில் அது 10 வோல்ட் அல்லது அதற்கும் கீழே இறங்கும். எனவே ‘12 வோல்ட்’ என்பது பெயரளவிலான மதிப்பே. காரில் பொருத்தும் எந்தக் கருவியும் இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்க வேண்டும்.

வீட்டு மின்சுற்றில் போவதற்கு ஒன்று, திரும்புவதற்கு ஒன்று என இரு கம்பிகள் இருக்கும். காரில் பெரும்பாலும் போகும் கம்பி மட்டுமே உண்டு. திரும்பும் வழி காரின் இரும்பு உடலே. பேட்டரியின் எதிர்முனை உடலோடு பிணைக்கப்பட்டிருக்கும். இதைத்தான் பட்டறைகளில் ‘பாடி எர்த்’ என்கின்றனர். இதன் விளைவு ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். நேர்முனைக் கம்பியின் மேலுறை ஏதேனும் ஓர் இடத்தில் உரிந்து இரும்பில் பட்டாலே குறுக்குச் சுற்று ஏற்பட்டுவிடும். இன்னொரு கம்பியைத் தொட வேண்டிய தேவையே இல்லை.

மிகப் பழைய வண்டிகளில் கூடுதல் கவனம் தேவை. 1950களிலும் 1960களிலும் வந்த சில பிரித்தானிய வடிவமைப்புக் கார்களில் நேர்முனை உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். அக்காலத்து வேறு சில கார்கள் 6 வோல்ட்டில் இயங்கின. இத்தகைய வண்டிகளில் இன்றைய கருவியை அப்படியே இணைத்தால், முதல் வகையில் கருவி கெடும். இரண்டாம் வகையில் சரியாக இயங்காது. வேலையைத் தொடங்கும் முன் பேட்டரியின் எந்த முனையிலிருந்து உடலுக்குக் கம்பி செல்கிறது என்று பார்ப்பதும், மல்டிமீட்டரால் மின்னழுத்தத்தை அளப்பதும் நல்லது.

புளூடூத் இயங்கும் விதம்

புளூடூத் என்பது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் குறைந்த தொலைவுக்குத் தரவை அனுப்பும் ரேடியோ நுட்பம். எரிக்சன் நிறுவனத்தில் 1994இல் இதற்கான பணி தொடங்கியது. 1998இல் பல நிறுவனங்கள் சேர்ந்து இதற்கெனக் கூட்டமைப்பு ஒன்றை உருவாக்கின. பத்தாம் நூற்றாண்டு டென்மார்க் மன்னர் ஹரால்டின் பட்டப்பெயரே இதன் பெயராயிற்று.

இதே அலைவரிசையை வைஃபை உள்ளிட்ட பல கருவிகளும் பயன்படுத்துகின்றன. இரைச்சலைத் தவிர்க்க, இசைக்குப் பயன்படும் புளூடூத் வகை 79 தடங்களுக்கிடையே நொடிக்கு 1600 முறை வரை தாவிக்கொண்டே இருக்கும். ஒரு தடத்தில் இடையூறு இருந்தாலும் அடுத்த தாவலில் தரவு போய்ச் சேர்ந்துவிடும். கைபேசியும் கருவியும் முதல் முறை ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்வதை ‘பேரிங்’ என்பர். அதன்பின் சாவியைத் திருப்பியதும் அவை பெரும்பாலும் தாமாகவே இணைந்துவிடும்.

புளூடூத்தில் ஒவ்வொரு பணிக்கும் தனி விதிமுறை உண்டு. இசைக்கு ஏ2டிபி, அழைப்புகளுக்கு எச்எஃப்பி, பாட்டை மாற்றுவதற்கும் நிறுத்துவதற்கும் ஏவிஆர்சிபி என்பன அவற்றின் பெயர்கள். ஏ2டிபி மட்டும் உள்ள மலிவான கருவியில் பாட்டுக் கேட்கலாம், அதன் வழியே அழைப்புப் பேச இயலாது. கருவி வாங்குமுன் அட்டையில் இவற்றைப் பார்த்துக்கொள்ளலாம்.

இசையை ஒலிபெருக்கிக்குக் கொண்டு செல்லும் வழிகள்

காரில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்பதே எந்த வழி பொருந்தும் என்பதை முடிவு செய்கிறது.

1. எஃப்எம் டிரான்ஸ்மிட்டர்: காரில் பண்பலை வானொலி மட்டும் இருந்தால் இதுவே எளிய வழி. லைட்டர் சாக்கெட்டில் செருகும் இக்கருவி, கைபேசியிலிருந்து புளூடூத்தில் வரும் இசையை 87.5 முதல் 108 மெகாஹெர்ட்ஸுக்குள் ஏதாவது ஓர் அலைவரிசையில் மிகக் குறைந்த திறனில் ஒலிபரப்பும். வானொலியை அதே அலைவரிசையில் வைத்தால் பாட்டுக் கேட்கும். நிலையம் எதுவும் இல்லாத அலைவரிசையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். உடன்குடியில் வெறுமையாக இருந்த இடத்தில் திருநெல்வேலியை நெருங்கும்போது வேறு நிலையம் குறுக்கிடலாம். அப்போது மாற்றிக்கொள்ள வேண்டும். ஒலித்தரம் நடுத்தரமானது. கம்பி வேலை எதுவும் இல்லை என்பதே இதன் பெரிய நன்மை.

2. கேசட் அடாப்டர்: ஒலிநாடா செட் இருந்தால், கேசட் வடிவிலான இக்கருவியை உள்ளே செருகலாம். நாடாவுக்குப் பதிலாக இதில் ஒரு சிறு காந்தத் தலை உள்ளது. அது இசைக்கேற்ப மாறும் காந்தப்புலத்தை உண்டாக்க, செட்டின் தலை அதை நாடாவிலிருந்து வருவதாகவே எடுத்துக்கொள்ளும். செட்டின் பற்சக்கரங்கள் நல்ல நிலையில் இருக்க வேண்டும்.

3. ஆக்ஸ் வழி: செட்டில் 3.5 மில்லிமீட்டர் ஆக்ஸ் துளை இருந்தால், கட்டைவிரல் அளவுள்ள புளூடூத் ரிசீவரை அதில் செருகலாம். அதற்கு மின்சாரம் யூஎஸ்பி வழியே கிடைக்கும். இடையில் பண்பலை ஒலிபரப்பு இல்லாததால் ஒலித்தரம் முதல் வழியை விட நன்றாக இருக்கும்.

4. புதிய செட்: பழைய செட்டை எடுத்துவிட்டு புளூடூத், யூஎஸ்பி இரண்டும் உள்ள செட்டைப் பொருத்துவது நான்காவது வழி. பல கார்களின் டாஷ்போர்டில் 180 மில்லிமீட்டர் அகலமும் 50 மில்லிமீட்டர் உயரமும் உள்ள இடம் விடப்பட்டிருக்கும். இதற்கு ‘சிங்கிள் டின்’ என்று பெயர். இதைப்போல இரு மடங்கு உயரம் உள்ளது ‘டபுள் டின்’. இருபுறமும் திருகு கொண்ட வானொலி பொருத்திய மிகப் பழைய டாஷ்போர்டுகளில் இந்த இடம் இராது. அவற்றை அறுத்துப் பெரிதாக்குவதைவிட, செட்டை டாஷ்போர்டுக்குக் கீழே தனிச் சட்டத்தில் பொருத்துவதே பலர் செய்யும் முறை. வண்டியின் பழைய தோற்றமும் கெடாது.

நான்காவது வழியில் அடிக்கடி நேரும் பிழை ஒன்று உண்டு. பழைய கார்கள் சிலவற்றில் ஒலிபெருக்கியின் ஒரு முனை கார் உடலோடு எர்த் செய்யப்பட்டிருக்கும். இன்றைய செட்டுகளில் ஒலிபெருக்கிக்குச் செல்லும் இரு கம்பிகளிலும் மின்னழுத்தம் இருக்கும். எதுவும் உடலைத் தொடக்கூடாது. பழைய கம்பியையே பயன்படுத்தினால் செட்டின் பெருக்கிப் பகுதி எரிந்துபோகலாம். ஒவ்வோர் ஒலிபெருக்கிக்கும் செட்டிலிருந்து நேராக இரு கம்பிகள் இழுப்பதே சரியானது.

செட்டின் பின்புறக் கம்பிகளின் நிறங்கள் பெரும்பாலும் பின்வருமாறு அமையும்:

மஞ்சள் – பேட்டரியிலிருந்து எப்போதும் வரும் 12 வோல்ட். நினைவகத்துக்கும் முதன்மை மின்சாரத்துக்கும்
சிவப்பு – சாவி திருப்பினால் மட்டும் வரும் 12 வோல்ட்
கறுப்பு – எர்த்
வெள்ளை, வெள்ளை-கறுப்பு – முன் இடது ஒலிபெருக்கி
சாம்பல், சாம்பல்-கறுப்பு – முன் வலது ஒலிபெருக்கி
பச்சை, பச்சை-கறுப்பு – பின் இடது ஒலிபெருக்கி
ஊதா, ஊதா-கறுப்பு – பின் வலது ஒலிபெருக்கி

இவை செட்டின் கம்பிகளுக்கான வழக்கமான நிறங்கள் மட்டுமே. காரிலிருந்து வரும் கம்பிகளின் நிறம் வேறாக இருக்கும். எனவே நிறத்தை மட்டும் நம்பாமல் மல்டிமீட்டரால் அளந்தே இணைக்க வேண்டும்.

கைபேசி மின்னேற்றம்

யூஎஸ்பியின் அடிப்படை மின்னழுத்தம் 5 வோல்ட். காரின் 12 வோல்ட்டை 5 வோல்ட்டாகக் குறைக்க சார்ஜருக்குள் ஒரு சிறு சுற்று உள்ளது. அது மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை திறந்து மூடி, தேவையான சராசரியை மட்டும் வெளியே விடுகிறது. மின்தடையால் குறைத்திருந்தால் மீதி ஆற்றல் முழுவதும் வெப்பமாக வீணாகியிருக்கும். இம்முறையில் இழப்பு மிகக் குறைவு.

பழைய யூஎஸ்பி 2.0 துளை 0.5 ஆம்பியர் மட்டுமே தரும். அதாவது 5 × 0.5 = 2.5 வாட். இன்றைய கைபேசிகள் வேகமாக மின்னேற இதைப்போலப் பல மடங்கு தேவை. ஆகவேதான் புதிய செட்டின் முகப்பில் உள்ள யூஎஸ்பி துளையில், வழிகாட்டும் வரைபடத்தைத் திறந்து வைத்த கைபேசியைச் செருகினாலும் அதன் மின்னளவு சில வேளை இறங்கிக்கொண்டே போகிறது. பவர் டெலிவரி என்ற விதிமுறையில் சார்ஜரும் கைபேசியும் தமக்குள் தகவல் பரிமாறிக்கொண்டு 9 வோல்ட் போன்ற உயர் மின்னழுத்தத்துக்கு மாறும்.

காரின் மீது விழும் சுமையைக் கணக்கிட்டுப் பார்ப்போம். சார்ஜர் 18 வாட் தருகிறது, அதன் செயல்திறன் 90 விழுக்காடு என்று கொள்வோம். அது பேட்டரியிலிருந்து எடுப்பது 18 ÷ 0.9 = 20 வாட். 12.6 வோல்ட்டில் இது 20 ÷ 12.6 = ஏறத்தாழ 1.6 ஆம்பியர். 55 வாட் முகப்பு விளக்குகள் இரண்டும் எரிந்தால் சுமார் 8.7 ஆம்பியர் ஆகும். கைபேசியின் சுமை அதில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பழைய காரின் பேட்டரியோ ஆல்டர்னேட்டரோ இதைத் தாங்குமா என்ற ஐயம் தேவையில்லை.

கம்பியில்லா மின்னேற்றத்தில் தட்டிலும் கைபேசியிலும் உள்ள இரு சுருள்களுக்கிடையே மின்காந்தத் தூண்டலால் ஆற்றல் செல்கிறது. பள்ளிப் பாடத்தில் வரும் மின்மாற்றியின் தத்துவமே இது. ‘சீ’ என்று ஒலிக்கப்படும் கியூஐ தரநிலையில் 5 வாட் முதல் 15 வாட் வரை பரவலாகப் பயன்படுகிறது. சுருள்கள் சற்று விலகினாலும் இழப்பு கூடி வெப்பம் அதிகரிக்கும். குண்டும் குழியுமான சாலையில் கைபேசி நழுவிக்கொண்டே இருந்தால் சரியாக மின்னேறாது. தட்டின் மீது நாணயமோ சாவியோ கிடந்தால் அது சூடாகக் கூடும். பழைய காரில் கம்பி வழி மின்னேற்றமே நம்பகமானது.

மின்சாரம் எடுக்கும் இடமும் உருகியும்

சுமை இவ்வளவு சிறியது என்றால் ஆபத்து எங்கிருந்து வருகிறது? இணைப்பிலிருந்து. பேட்டரியின் உள் மின்தடை மிகக் குறைவு. 35 ஆம்பியர்-மணி அளவுள்ள சிறு கார் பேட்டரிகூட குறுக்குச் சுற்றில் சில நூறு ஆம்பியரை ஒரே நேரத்தில் தள்ளக்கூடியது. மெல்லிய கம்பி ஒன்று இரும்பில் உரசி மேலுறை உரிந்தால், அத்தனை மின்னோட்டமும் அதன் வழியே பாயும். சில நொடிகளில் கம்பி பழுத்து, பிளாஸ்டிக் உறை எரியத் தொடங்கும். டாஷ்போர்டுக்குப் பின்னால் நடப்பதால் புகை வந்த பிறகே தெரியும்.

இதைத் தடுப்பது ஃபியூஸ் எனப்படும் உருகி. அது கருவியைக் காப்பதற்காக மட்டும் இருப்பதாகப் பலர் எண்ணுகின்றனர். அதன் முதல் வேலை கம்பியைக் காப்பதே. எனவே உருகியைக் கருவியின் அருகே அல்ல, மின்சாரம் புறப்படும் இடத்தின் அருகே வைக்க வேண்டும். பேட்டரியிலிருந்து நேராகக் கம்பி இழுத்தால், பேட்டரி முனையிலிருந்து ஒரு சாண் தொலைவுக்குள் உருகி இருப்பது நல்லது. பேட்டரிக்கும் உருகிக்கும் இடையிலுள்ள கம்பித் துண்டு மட்டுமே பாதுகாப்பின்றி இருக்கும். அதை எவ்வளவு குறைக்கிறோமோ அவ்வளவு நல்லது.

இலை வடிவ உருகிகளின் நிறமே அவற்றின் அளவைச் சொல்லும்: வெளிர் பழுப்பு 5, பழுப்பு 7.5, சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30 ஆம்பியர். யூஎஸ்பி சாக்கெட்டுக்கு 5 ஆம்பியர் போதும். ஸ்டீரியோ செட்டுக்கு அதன் பின்புறத்தில் குறித்துள்ள அளவு, பொதுவாக 10 அல்லது 15 ஆம்பியர். உருகி அடிக்கடி எரிந்தால் பெரிய உருகி போடுவதும், சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளையோ செப்புக் கம்பியையோ சுற்றி வைப்பதும் பெரும் தவறு. உருகி எரிவது நோயன்று, நோயின் அறிகுறி.

பழைய பிரித்தானிய வடிவமைப்பைப் பின்பற்றிய கார்கள் சிலவற்றில் வண்டி முழுவதற்கும் இரண்டே உருகிகள் இருக்கும். வேறு சிலவற்றில் கண்ணாடிக் குழாய் உருகியோ பீங்கான் உருகியோ இருக்கும். அவற்றின் அளவு புதிய மெல்லிய கம்பியைக் காக்கப் போதாது. புதிய இணைப்புக்குத் தனி உருகி கட்டாயம் வேண்டும். இலை உருகிப் பெட்டி உள்ள கார்களில் ‘ஃபியூஸ் டேப்’ என்ற துணைக்கருவியை ஏற்கெனவே உள்ள உருகியின் இடத்தில் செருகி, பழைய கம்பி எதையும் வெட்டாமல் உருகியுடன் கூடிய புதிய இணைப்பைப் பெறலாம்.

கம்பியின் பருமனும் முக்கியம். செம்பின் தன்மின்தடையைக் கொண்டு கணக்கிட்டால், 0.75 சதுர மில்லிமீட்டர் பருமனும் 3 மீட்டர் நீளமும் உள்ள கம்பியின் மின்தடை சுமார் 0.07 ஓம். அதில் 2 ஆம்பியர் சென்றால் 0.14 வோல்ட் குறையும். இது பொருட்படுத்தத் தக்கதன்று. 10 ஆம்பியர் சென்றால் 0.7 வோல்ட் குறைவதோடு 7 வாட் வெப்பம் கம்பியிலேயே உண்டாகும். ஆகவே செட்டுக்கு 1.5 முதல் 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பி ஏற்றது. இரும்புத் தகட்டின் துளை வழியே கம்பி செல்லும் இடத்தில் ரப்பர் வளையம் போட வேண்டும். கம்பியை முறுக்கி இன்சுலேஷன் டேப் மட்டும் ஒட்டுவது வெயிலில் பசை இளகிக் கழன்றுவிடும். ஈயப்பற்று வைப்பதோ லக் வைத்து நசுக்குவதோ நல்லது.

வேலையைத் தொடங்குமுன் பேட்டரியின் எர்த் முனையை முதலில் கழற்ற வேண்டும். முடித்தபின் அதைக் கடைசியாக மாட்ட வேண்டும். நேர்முனையை முதலில் கழற்றும்போது ஸ்பேனர் இரும்பில் பட்டால் அதுவே குறுக்குச் சுற்றாகிவிடும். எர்த்தை எடுத்துவிட்டால் அந்த ஆபத்து இல்லை.

நிறுத்தி வைத்த காரும் பேட்டரியும்

ஓடும் காரில் சிறியதாகத் தோன்றும் சுமை, நிற்கும் காரில் பெரிதாகிவிடும். யூஎஸ்பி சாக்கெட்டுகள் பலவற்றில் நீல விளக்கோ மின்னழுத்தம் காட்டும் எண்பலகையோ இருக்கும். அது 0.02 ஆம்பியர் மட்டும் எடுப்பதாகக் கொள்வோம். ஒரு நாளைக்கு 0.02 × 24 = 0.48 ஆம்பியர்-மணி. முப்பது நாளில் 14.4 ஆம்பியர்-மணி. 35 ஆம்பியர்-மணி பேட்டரியில் இது ஐந்தில் இரண்டு பங்கு. பேட்டரி சற்றுப் பழையதானால் கார் ஸ்டார்ட் ஆகாது. நெடுநாள் மின்னேற்றமின்றிக் கிடக்கும் ஈய அமில பேட்டரியின் தகடுகளில் ஈய சல்பேட் படிகங்கள் கெட்டிப்பட்டு, பிறகு முழுதாக மின்னேற்ற முடியாமல் போகும்.

வெளியூரிலோ வெளிநாட்டிலோ வேலை பார்ப்பவர்கள் விடுமுறைக்கு வரும்போது மட்டும் எடுக்கும் கார்கள் தென்மாவட்ட ஊர்களில் நிறைய உண்டு. அத்தகைய கார்களுக்கு இந்தக் கணக்கு நேரடியாகப் பொருந்தும். சாக்கெட்டை எப்போதும் மின்சாரம் உள்ள கம்பியில் இணைக்காமல், சாவியை ‘ஏசிசி’ நிலைக்குத் திருப்பினால் மட்டும் மின்சாரம் வரும் கம்பியில் இணைப்பதே தீர்வு. அத்தகைய நிலை இல்லாத வண்டியில் தனி சுவிட்ச் வைக்கலாம். குலசேகரன்பட்டினம் தசரா போன்ற திருவிழாக் கூட்டத்தில் எஞ்சினை நிறுத்திவிட்டுப் பாட்டு மட்டும் ஓடவிட்டுக் காத்திருப்பவர்களும் இதை நினைவில் கொள்ள வேண்டும். செட் 3 ஆம்பியர் எடுத்தால் நான்கு மணி நேரத்தில் 12 ஆம்பியர்-மணி போய்விடும்.

கடற்காற்றும் எர்த் இணைப்பும்

உடன்குடி கடற்கரையிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலேயே உள்ளது. மணப்பாடும் குலசேகரன்பட்டினமும் அருகிலுள்ள கரையூர்கள். மறுபுறம் செம்மணல் தேரிகள். கடற்காற்றிலுள்ள உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். செம்பு லக்கும் இரும்பு உடலும் சேரும் எர்த் இணைப்பில் அந்த ஈரம் படிந்தால், அங்கே ஒரு சிறு மின்வேதிக் கலமே உருவாகி இரும்பு விரைவாக அரிக்கப்படும். தேரிப் புழுதி சாக்கெட்டுக்குள் படிந்து தொடுமுனைகளின் மின்தடையைக் கூட்டும்.

இதன் அறிகுறிகள் பலவாறு தோன்றும்: வண்டி குலுங்கும்போது பாட்டு விட்டுவிட்டுக் கேட்பது, மின்னேற்றம் நின்று நின்று வருவது, சார்ஜரின் முனை தொட முடியாத அளவு சூடாவது. பெரும்பாலோர் கருவியை மாற்றுவர். பிழை பெரும்பாலும் எர்த்தில் இருக்கும். சோதிக்கும் முறை எளிது. செட்டை உரக்க ஓடவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையைச் செட்டின் கறுப்புக் கம்பியிலும் மறுமுனையைப் பேட்டரியின் எதிர்முனையிலும் வைக்க வேண்டும். 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை என்று கொள்ளலாம். அந்த இடத்தின் பெயிண்டையும் துருவையும் உப்புத்தாளால் சுரண்டி, திருகை இறுக்கி, மேலே கிரீஸ் அல்லது பெட்ரோலியம் ஜெல்லி பூச வேண்டும்.

ஒலியில் இரைச்சல்

ஆக்சிலேட்டரை அழுத்தும்போது கூடவே ஏறும் ‘ங்ங்ங்’ என்ற மெல்லிய ஒலி, ஆல்டர்னேட்டரிலிருந்து வருவது. கைபேசி மின்னேறிக்கொண்டிருக்கும்போதே ஆக்ஸ் கம்பி வழியும் இணைந்திருந்தால் இது கூடுதலாகக் கேட்கும். சார்ஜரின் எர்த்தும் செட்டின் எர்த்தும் வெவ்வேறு இடங்களில் உடலைத் தொடுவதால் ஒரு வளையம் உண்டாகி, அதில் பாயும் சிறு மின்னோட்டமே ஒலியாக வெளிப்படுகிறது. இரண்டின் எர்த்தையும் ஒரே இடத்தில் சேர்ப்பது முதல் தீர்வு. போதாவிடில் ‘கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்’ என்ற சிறு மின்மாற்றியை ஆக்ஸ் கம்பியின் நடுவே வைக்கலாம். கைபேசியிலிருந்து இசை புளூடூத்தில் சென்றால் கைபேசிக்கும் செட்டுக்கும் இடையே கம்பி இல்லை. ஆயினும் ஆக்ஸில் செருகிய ரிசீவருக்கு யூஎஸ்பி மின்சாரம் தரும்போது இதே சிக்கல் வரலாம்.

வெப்பம்

வெயிலில் கண்ணாடிகளை ஏற்றி நிறுத்திய காரின் உட்புறம் ஒரு மணி நேரத்துக்குள் 50 பாகை செல்சியசைத் தாண்டக்கூடும். டாஷ்போர்டின் மேற்பரப்பு அதைவிடச் சூடாகும். கைபேசியின் லித்தியம் அயனி பேட்டரிக்கு இந்த வெப்பம் ஆகாது. கைபேசியையும் பவர் பேங்கையும் நிறுத்திய காரில் விட்டுச் செல்லக்கூடாது. வண்டியை எடுத்தவுடன் மின்னேற்றத்தைத் தொடங்காமல், உட்புறம் சற்றுக் குளிர்ந்த பின் தொடங்கினால் கைபேசியின் ஆயுள் நீளும்.

ஓட்டும்போது

2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவு, வண்டி ஓட்டும்போது கையில் பிடிக்கும் தகவல்தொடர்புக் கருவியைப் பயன்படுத்துவதை ஆபத்தான ஓட்டுதலில் ஒன்றாகச் சேர்த்துள்ளது. முதல் முறைக்கான அபராதம் 1000 ரூபாய் முதல் 5000 ரூபாய் வரை. சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. சட்டத்தை விடக் கணக்கு தெளிவாக உணர்த்தும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு நொடியில் 16.7 மீட்டர் கடக்கும். பாட்டை மாற்ற இரண்டு நொடி திரையைப் பார்த்தால், 33 மீட்டர் தொலைவுக்குச் சாலையைப் பார்க்காமலே ஓட்டியிருக்கிறோம்.

பாடல் வரிசையையும் வழிகாட்டும் வரைபடத்தையும் புறப்படும் முன்பே அமைத்துக்கொள்ளலாம். கைபேசித் தாங்கியைச் சாலையை மறைக்காத இடத்தில் பொருத்த வேண்டும். தொங்கும் கம்பி கியர் கம்பியிலும் காலடியிலுள்ள பெடல்களிலும் சிக்காதவாறு கட்ட வேண்டும். அழைப்பைக் கருவி வழியாக எடுத்தாலும் கவனம் பேச்சில் பிரியும். நீண்ட பேச்சாக இருந்தால் ஓரமாக நிறுத்திப் பேசுவதே நன்று.

எதைத் தேர்வு செய்வது

வானொலி மட்டும் உள்ள காருக்கு, யூஎஸ்பி துளையும் சேர்ந்த எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் போதும். இசை, மின்னேற்றம் இரண்டும் ஒரே கருவியில் கிடைக்கும். ஆக்ஸ் உள்ள காருக்குப் புளூடூத் ரிசீவரும் தனி சார்ஜரும் ஏற்றவை. செட்டே பழுதானால் மட்டும் புதிய செட்டைக் கருதலாம். அதையும் கார் மின்வேலை தெரிந்தவரிடம் தருவது நல்லது.

வேலையை வேறொருவர் செய்தாலும், வண்டியை எடுக்குமுன் உரிமையாளர் மூன்று கேள்விகளைக் கேட்டு, விடையைக் கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டும். மின்சாரம் எந்த இடத்திலிருந்து எடுக்கப்பட்டுள்ளது? அந்த இடத்தின் அருகே எத்தனை ஆம்பியர் உருகி உள்ளது? சாவியை எடுத்தபின் கருவி அணைகிறதா? இம்மூன்றுக்கும் தெளிவான விடை கிடைத்தால் முப்பது ஆண்டு ஓடிய காரிலும் இந்த வசதிகளைப் பாதுகாப்பாகப் பயன்படுத்தலாம்.